வளவில் ஊரும் எறும்புகள்

எறும்பென்றால் கறுப்பு, சிவப்பு என இரண்டே சாதி என்றெண்ணி நம்மிற் பலர் அமைந்துவிடுகின்றோம். சர்க்கரைப் போத்தலை மொய்ப்பதும் எறும்பு. மாமரத்திற் கடிப்பதும் எறும்பு. எதுவாயினும் கொதிநீரும் பூச்சிமருந்துமே நாம் அறிந்த பரிகாரம்! யாழ்ப்பாணத்து வளவொன்றை உருப்பெருக்குக் கண்ணாடியுடன் ஒருமுறை சுற்றிவந்தால் இவ்வெண்ணம் மாறிவிடும்.

முதலிற் கறையானை விலக்கிவிடுவோம். ஆங்கிலேயர் அதனை வெள்ளெறும்பு என அழைத்தபோதிலும் அது கரப்பான் பூச்சிக்கே நெருங்கிய உறவு. எறும்பின் உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். வயிற்றுக்கு முன்னே ஒடுங்கிய இடையும் உண்டு. கறையானுக்கு இவையிரண்டும் இல்லை. அவ்விடையிலே ஒரு கணுவா, இரு கணுவா என்று பார்ப்பதுதான் எறும்பினத்தை அறிதற்கு முதற்படி.

மாமரத்து முசுறுக்கு ஒரு கணு. கறுத்தக்கொழும்பான் பறிக்கக் கொக்கத்தடியுடன் மரத்தடிக்குப் போனவர்களுக்கு அதனை அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. ஆனால் அது கூடு கட்டும் விதத்தைக் கண்டவர் சிலரே. ஒன்றன் இடையை மற்றொன்று கவ்விச் சங்கிலியாகி இரண்டு இலைகளை அருகே இழுக்கும். பின்னர் வேறு சில எறும்புகள் தம் புழுக்களை வாயிற் கவ்வி வந்து, நெசவாளர் நாடாவை ஓட்டுவதுபோல் இலைக்கு இலை மாற்றித் தொடும். புழுவின் வாயிலிருந்து வரும் பட்டிழையே இலைகளைப் பிணைக்கின்றது. முசுறுக்குக் கொட்டும் கொடுக்கு இல்லை. கடித்த காயத்தில் அமிலத்தைப் பீச்சுவதாலேயே அத்துணை எரிவு!

இக்கூடுகளுக்குப் பந்தம் பிடிப்பது நம்மவர் வழக்கம். ஆனால் மரத்தின் பூச்சிகளை வேட்டையாடுவதும் இந்த முசுறே. சீனத்துத் தோடைத் தோட்டக்காரர் பண்டைக் காலந்தொட்டு அதனை விரும்பி வளர்த்தனர். ஆபிரிக்க மாந்தோப்புகளில் இதன் இனத்து எறும்புகள் உள்ள மரங்களிற் பழ ஈயின் சேதம் குறைவென ஆய்வுகள் காட்டியுள்ளன. முசுறை முற்றாகப் புகழ்வதற்குமில்லை. இனிய கழிவுநீருக்காகச் செதிற் பூச்சிகளை அதுவே காத்தும் வருகின்றது. எனினும், எரிப்பதிலும் விட்டுவைப்பதே இலாபம் என்பது நமது கருத்து.

இரு கணு உள்ளவற்றிடம் அவதானம் வேண்டும். முற்றத்து மண்ணைப் பொருக்கிக் குவிப்பது நெருப்பெறும்பு. அது அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து வந்தேறியது. கூட்டத்திற் சிறியனவும் பெருந்தலையனவும் கலந்திருக்கும். பட்ட கொப்புகளில் வாழும் மெலிந்த நீண்ட எறும்பொன்றும் உண்டு. தலையும் வயிறும் கறுப்பு, நடுவுடல் செம்மை. இரண்டுமே கொட்டும். கொட்டுண்டவர் சிலருக்கு ஒவ்வாமையால் உடலெங்கும் தடிப்பும் மூச்சுத்திணறலும் ஏற்படலாம். அப்போது சுண்ணாம்பு தேடி நிற்காது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். குழந்தையின் பாயை விரிக்குமுன் நிலத்தைப் பார்ப்பதும் நன்று.

குசினியில் வளைந்து நெளிந்து ஓடும் நெடுங்காற் கறுப்பெறும்பு கொட்டாது. கருந்தலையும் வெளிறிய வயிறும் கொண்ட மிகச் சிற்றெறும்பும் அத்தகையதே. அதை நசுக்கினாற் பழுதான தேங்காயின் மணம் வரும். இவற்றுக்கு மருந்து தெளிக்க வேண்டியதில்லை. அலமாரிக் கால்களை நீர்க்கிண்ணங்களில் வைத்தாற் போதும். ஆனால் டெங்கு நுளம்பு பெருகும் இடங்களில் அக்கிண்ணமும் ஒன்று. வாரமொருமுறை நீரைக் கொட்டி உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; நுளம்பின் முட்டை நீரிலன்றிக் கிண்ணத்தின் சுவரிலேயே ஒட்டியிருக்கும்.