மரத்திலிருந்து ஒளி ஊடுருவும் தாள்: எல்லாம் ஈரத்தின் கையில்

ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் ஒரு புதுவகைக் காகிதத்தைச் செய்து காட்டினார்கள். நோட்டுப் புத்தகத் தாளில் இருக்கும் அதே செல்லுலோஸ்தான் அதிலும் இருந்தது. ஆனால் அச்சிட்ட பக்கத்தின் மேல் அதை வைத்தால், கீழே உள்ள எழுத்தைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. மடித்தாலும் அது உடையவில்லை. சூடேறும்போது பிளாஸ்டிக் அளவுக்கு விரியவும் இல்லை; அதன் விரிவு கண்ணாடியின் விரிவுக்குப் பக்கத்தில் நின்றது. மசாயா நோகி, ஹிரோயுகி யானோ உள்ளிட்டோரின் இந்த ஆய்வு 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' இதழில் வெளியானது.

அதே மரம், அதே செல்லுலோஸ். ஒரு தாள் வெள்ளையாகவும் இன்னொன்று தெளிவாகவும் இருப்பது எப்படி?

காகிதம் ஏன் வெள்ளை?

செல்லுலோசுக்கு என்று தனி நிறம் கிடையாது. சாதாரணக் காகிதத்தில் உள்ள இழை 20 முதல் 40 மைக்ரோமீட்டர் அகலம் கொண்டது. இழைகளுக்கு நடுவே காற்று நிறைந்திருக்கும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. செல்லுலோசுக்கு அது 1.54 முதல் 1.62 வரை. இழையிலிருந்து காற்றுக்கும் காற்றிலிருந்து இழைக்குமாக மாறி மாறிச் செல்லும் ஒளி, ஒவ்வோர் எல்லையிலும் திசை திரும்பிச் சிதறுகிறது. எல்லா நிறங்களும் ஒருசேரச் சிதறுவதால் தாள் வெள்ளையாகத் தெரிகிறது. பஜ்ஜி மடித்த காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் ஒளியைக் கடத்துவதும் இதனால்தான். காற்று இருந்த இடத்தை, ஒளிவிலகல் எண்ணில் செல்லுலோசுக்கு நெருங்கிய எண்ணெய் பிடித்துக்கொள்கிறது.

எண்ணெய் ஊறினாலும் தாள் முழுத் தெளிவை எட்டுவதில்லை. இழையின் பருமன் தடுக்கிறது. நம் கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இழையின் அகலம் இறங்கிவிட்டால், சிதறல் மிகவும் குறைந்துபோகும். ஆகவே வேலை இரண்டு: இழையை நானோ அளவுக்கு மெலியவைக்க வேண்டும், இடையில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும்.

உலர விடாமல் அரைத்தால்

மரத்தின் உலர் எடையில் ஏறத்தாழ பாதி செல்லுலோஸ். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் சேர்ந்து 3 முதல் 4 நானோமீட்டர் அகலமுள்ள நுண்ணிழைகளாகின்றன. அவை கற்றை கற்றையாகி, லிக்னினாலும் ஹெமிசெல்லுலோசாலும் பிணைக்கப்பட்டு மரத்தின் செல் சுவராகின்றன. நானோ இழையை மரமே செய்து வைத்திருக்கிறது. நாம் செய்ய வேண்டியது அதைப் பிரித்தெடுப்பது மட்டுமே.

அமெரிக்காவின் ஐ.டி.டி. ரயோனியர் நிறுவனத்தைச் சேர்ந்த டர்பாக், ஸ்னைடர், சாண்ட்பெர்க் ஆகியோர் மரக்கூழை உயர் அழுத்தத்தில் குறுகிய வழியே செலுத்தி இழைகளைப் பிரித்த முறையை 1983-இல் வெளியிட்டனர். இழைகள் பிரிந்தன, ஆனால் மின்சாரம் ஏராளமாகச் செலவானது, இழைகளின் அளவும் சீராக இல்லை.

2007-இல் கியோட்டோவின் கென்டாரோ அபே, இவாமோட்டோ, யானோ ஆகியோர் வேறு வழி கண்டார்கள். மரத்தூளிலிருந்து லிக்னினையும் ஹெமிசெல்லுலோசையும் வேதிமுறையில் நீக்கினார்கள். தொடக்கம் முதல் முடிவுவரை அதை ஒருமுறைகூட உலர விடவில்லை. ஈரமான கூழை இரண்டு அரைவைக் கற்களுக்கிடையே ஒரே ஒரு தடவை செலுத்தியதும், 15 நானோமீட்டர் அகலத்தில் சீரான இழைகள் கிடைத்தன.

ஈரம் ஏன் அவ்வளவு முக்கியம்? செல்லுலோசின் மேற்பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் தொகுதிகள். நடுவில் தண்ணீர் இருக்கும்வரை இழைகள் விலகி நிற்கும். தண்ணீர் வற்றியதும் அவை ஹைட்ரஜன் பிணைப்பால் இறுக ஒட்டிக்கொள்ளும். மறுபடி நனைத்தாலும் முன்போலப் பிரியாது. மறுசுழற்சிக்குப் போகும் காகிதம் ஒவ்வொரு சுற்றிலும் வலிமை இழப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய், சுகுயுகி சைட்டோ ஆகியோரின் வழி வேதியியல் சார்ந்தது. 'டெம்போ' என்ற வினையூக்கியின் உதவியால் நுண்ணிழைகளின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மையை ஏற்றினார்கள். ஒரே வகை மின்னேற்றம் பெற்ற இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதால், லேசாகக் கலக்கினாலே 3 முதல் 4 நானோமீட்டர் அளவுக்குப் பிரிகின்றன. இதற்காக இவர்கள் இருவருக்கும் உடன் ஆய்வு செய்த யோஷிஹாரு நிஷியாமாவுக்கும் 2015-ஆம் ஆண்டின் மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது.

தாளும் ரெசினும்

அரைத்துக் கிடைக்கும் கூழில் செல்லுலோஸ் 1 சதவீதம் அளவில்தான் இருக்கும். ஒரு கிலோ தாள் வேண்டுமானால் 99 கிலோ தண்ணீரை அகற்றியாக வேண்டும். நுண்துளை வடிகட்டியில் மெதுவாக வடித்து, அழுத்தத்தில் உலர்த்துகிறார்கள். தண்ணீர் வெளியேறும்போது இழைகளை நெருக்கி இழுத்துக் காற்றிடைவெளியை மூடிவிடுகிறது. 2009-இல் செய்த தாள் இப்படி உலர்ந்த பின்பும் முதலில் சற்று மங்கலாகத்தான் இருந்தது. மேற்பரப்பின் சொரசொரப்பைத் தேய்த்து மெருகேற்றிய பிறகு, விழும் ஒளியில் சுமார் 72 சதவீதம் ஊடுருவியது.

இழையோடு ரெசினையும் சேர்த்துக் கலப்புப்பொருள் செய்ய வேண்டுமானால் போக்கு சற்று மாறும். தண்ணீரை எத்தனால் கொண்டு மாற்றி உலர்த்தினால் இழைகள் அவ்வளவு இறுகாது, நுண்துளைகள் எஞ்சும். அந்தத் துளைகளில் திரவ அக்ரிலிக் ரெசினைக் குறைந்த அழுத்தத்தில் ஊறவைத்து, புற ஊதா ஒளியில் இறுகச் செய்வார்கள். எடையில் பாதிக்கு மேல் இழையே இருந்தாலும் தெளிவு கெடாது. கண்ணாடி இழை சேர்த்த பிளாஸ்டிக்கில் இழை, ரெசின் இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் துல்லியமாகப் பொருந்தாவிட்டால் பொருள் மங்கிவிடும். நானோ இழைகள் மிக மெல்லியவை என்பதால் அந்தக் கறார் இங்கே தளர்கிறது. நண்டு ஓட்டில் உள்ள கைட்டின் நானோ இழைகளை வைத்தும் யானோ குழு இதை நிரூபித்தது. ஓட்டின் சுண்ணாம்பு, புரதம், நிறமி ஆகியவற்றை நீக்கி ரெசின் ஊறவைத்ததும், உருவம் குலையாமல் தெளிவான நண்டு கிடைத்தது.

வெப்பத்தில் அதிகம் விரியாத, வளையக்கூடிய, தெளிவான தாள் மின்னணுத் துறைக்குத் தேவை. மேலே படியவைக்கும் மின்சுற்று மிகக் குறைவாகவே விரியும். அடியில் உள்ள பிளாஸ்டிக் அதிகம் விரிந்தால் சுற்றில் விரிசல் விழும். மரச் செல்லுலோஸ் கலப்புத் தாளின் மேல் ஓ.எல்.இ.டி. ஒளியமைப்பை உருவாக்கும் ஆய்வும் 2009-இலேயே வெளிவந்தது.

சந்தைக்கு முதலில் வந்தது எது?

அதற்குப் பிறகும் கண்ணாடிக்குப் பதிலாக இந்தத் தாள் கடைகளை நிரப்பிவிடவில்லை. நிப்பான் பேப்பர் நிறுவனம் 2017-இல் இஷினோமாகி ஆலையில் ஆண்டுக்கு 500 டன் நானோ இழை தயாரிக்கும் அமைப்பைத் தொடங்கியது. ஆனால் நானோ செல்லுலோஸ் நுகர்வோரை முதலில் எட்டிய பொருள்களில் ஒன்று, மிட்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் ஜெல் பேனா. மையின் கெட்டித்தன்மையைக் கட்டுப்படுத்த அதில் நானோ இழை சேர்க்கப்பட்டது.

இது தற்செயல் அல்ல. மையில் இழை ஈரமாகவே இருக்கலாம். 99 கிலோ தண்ணீரை விரட்டும் செலவு அங்கே இல்லை. தாளுக்கு வந்தால் அந்தச் செலவு மொத்தமும் தலையில் விழுகிறது. உலர்ந்த பிறகும் தண்ணீர் விடுவதில்லை. ஹைட்ராக்சில் தொகுதிகள் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவதால் தாள் உப்பி உருமாறக்கூடும். அந்தத் தொகுதிகளை அசிட்டைல் தொகுதிகளாக மாற்றினால் ஈர உறிஞ்சல் குறையும். ஆனால் செய்முறையில் இன்னொரு படியும் செலவும் கூடும். ரெசின் சேர்த்தாலும் ஈரம் குறையும். ஆனால் அக்ரிலிக் கலந்த தாள், மரத்திலிருந்து வந்தது என்பதற்காக மண்ணில் மக்கிவிடாது.

ஒளி ஊடுருவும் சதவீதத்தைப் பொறுத்தவரை ஆய்வகம் ஏற்கெனவே வெற்றி பெற்றுவிட்டது. இனி இந்தத் துறையிலிருந்து புதிய செய்தி வந்தால், அந்தச் சதவீதத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: ஒரு கிலோ தாளை உலர்த்த எவ்வளவு ஆற்றல் ஆனது, மழைக்காலக் காற்றில் அது எவ்வளவு உப்பியது. விலையையும் ஆயுளையும் தீர்மானிக்கப்போகிறவை அவைதான்.