எழுபது வளைவுகள், ஒரே கணக்கு

நாமக்கல் மாவட்டத்தில் காரவள்ளி என்றொரு அடிவார ஊர் இருக்கிறது. அங்கிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள். பேருந்தில் போகிறவர்களில் பலருக்கு வழியிலேயே தலை சுற்றிவிடும். ஆனால் சைக்கிள்காரர்களுக்கு இந்தச் சாலை மிகவும் பிடிக்கும். கூட்டமில்லாத காலை நேரத்தில் பறவைச் சத்தமும் செயின் ஓடும் சத்தமும்தான் கேட்கும்.

சரி, சாலை ஏன் இப்படிச் சுற்றி வளைத்துப் போகிறது? கீழிருந்து மேலே நேராக ஒரு கோடு போட்டிருந்தால் தூரம் மிச்சமாகியிருக்குமே!

தூரம் மிச்சமாகும், உழைப்பு மிச்சமாகாது. அது எப்படி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மலை கேட்கும் விலை

உங்கள் எடை 38 கிலோ, சைக்கிளின் எடை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்த்து 50 கிலோ. கொல்லிமலையின் மேலே உள்ள ஊர்கள் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் அதிக உயரத்தில் இருக்கின்றன. கணக்கு சுலபமாக இருக்க, நாம் ஏற வேண்டிய உயரம் 1,000 மீட்டர் என்று கொள்வோம்.

ஒரு பொருளை மேலே கொண்டுபோகத் தேவையான ஆற்றலுக்குச் சூத்திரம் உண்டு. நிறையைப் புவியீர்ப்பின் அளவான 9.8-ஆல் பெருக்கி, பிறகு உயரத்தால் பெருக்க வேண்டும். 50 × 9.8 × 1,000 = 4,90,000 ஜூல், அதாவது 490 கிலோ ஜூல். இந்தச் சூத்திரத்தில் சாலையின் நீளம் எங்காவது வருகிறதா? வரவில்லை. நேராக ஏறினாலும் வளைந்து ஏறினாலும் புவியீர்ப்புக்கு நாம் கொடுக்க வேண்டிய ஆற்றல் ஒன்றுதான். நீண்ட சாலையில் உராய்வுக்காகக் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே.

அப்படியானால் வளைவுகள் எதற்கு? ஒரே நாளில் கட்ட முடியாத கடனைத் தவணையில் கட்டுகிறோம் அல்லவா, அதுபோலத்தான். செங்குத்தாக ஏறினால் 50 கிலோவையும் அப்படியே தூக்க வேண்டும். 100 மீட்டர் போனால் 5 மீட்டர் உயரும்படி சாலை போட்டால், இரண்டரை கிலோ எடையைத் தூக்கும் அளவு விசை போதும். ஆனால் அந்தச் சரிவில் 1,000 மீட்டர் உயர, 20 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். விசை குறைந்தால் தூரம் கூடும். இத்தனை நீளச் சாலையை ஒரே மலைச்சரிவில் அடக்க வேண்டுமானால் மடித்து மடித்துத்தானே போட முடியும்? அந்த மடிப்புகள்தாம் வளைவுகள்.

கியரும் அதே வேலைதான் செய்கிறது

சாலை போட்ட பொறியாளர் செய்ததையே உங்கள் சைக்கிளின் கியரும் செய்கிறது. முன்னால் 42 பற்கள் உள்ள சக்கரம், பின்னால் 14 பற்கள் உள்ள சக்கரம் என்றால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது பின்சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். ஆக, ஒரே மிதிச் சுற்றில் 6.3 மீட்டர் ஓடிவிடும். சமதளத்தில் ஜாலிதான். அந்த 5 சதவீத மேட்டிலோ, ஒவ்வொரு சுற்றுக்கும் நீங்கள் 31 சென்டிமீட்டருக்கு மேல் உயர வேண்டும். கால் கெஞ்சும்.

இப்போது முன்னால் 28 பற்கள், பின்னால் 28 பற்கள் வரும்படி கியரை மாற்றுங்கள். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர்தான் நகரும், பத்தரை சென்டிமீட்டர்தான் உயரும். மிதிப்பது லேசாகிவிடும். ஆனால் மேலே போய்ச் சேர 3,200 சுற்றுக்குப் பதிலாக 9,500 சுற்று மிதிக்க வேண்டும்.

கியர் இல்லாத சைக்கிள் வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். மேடு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறோமே, அதுவும் ஒரு கியர்தான்! அரை மீட்டர் நீளமுள்ள ஓர் எட்டில், அதே சரிவில் நாம் இரண்டரை சென்டிமீட்டர்தான் உயர்கிறோம். இருப்பதிலேயே சின்ன கியர் அது. யாராவது கேலி செய்தால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

எத்தனை இட்லி?

நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் வேலையாக மாற்றும். மீதி முக்கால் பங்கு வெப்பமாகிவிடும். 490 கிலோ ஜூல் வேலை நடக்க, உடம்பு சுமார் 2,000 கிலோ ஜூலைச் செலவழிக்க வேண்டும். நடுத்தர அளவு இட்லி ஒன்றில் ஏறக்குறைய 210 கிலோ ஜூல் இருக்கும். அப்படியானால் ஒன்பது, பத்து இட்லி!

வெப்பமாகும் அந்த 1,500 கிலோ ஜூல் உடம்பிலேயே தங்கினால் உடம்பு ஆபத்தான அளவுக்குச் சூடாகிவிடும். அதை வெளியேற்றுவது வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 2,400 கிலோ ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஆக, இந்த ஏற்றத்துக்கு மட்டும் அரை லிட்டருக்கு மேல் வியர்வை தேவை. மெதுவாக ஏறும்போது முகத்தில் காற்று படாது, அதனால் வியர்வை காயாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டி விழும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது தண்ணீர் குடிக்கச் சொல்வது இதனால்தான்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். மேலே ஏற ஏற மலையே விசிறிவிடும்.

வளைவின் உள்பக்கம், வெளிப்பக்கம்

கொண்டை ஊசி வளைவில் உள்ளோரம் குட்டையாகவும் வெளியோரம் நீளமாகவும் இருக்கும். இரண்டும் ஏறுவதோ ஒரே உயரம். அப்படியென்றால் உள்ளோரம்தான் செங்குத்து. நம் நாட்டில் சாலையின் இடப்பக்கமாகப் போகிறோம் அல்லவா? ஏறும்போது இடது வளைவு வந்தால் நாம் செங்குத்தான உள்ளோரத்தில் இருப்போம். வலது வளைவில் சாய்வான வெளியோரம் கிடைக்கும். அதனால் இடது வளைவுக்கு முன்பே சின்ன கியருக்கு மாறிவிட வேண்டும். செங்குத்துக்குப் பயந்து எதிர்ப்பக்கம் போய்விடக் கூடாது.

வளைவுக்கு அந்தப் பக்கம் வரும் பேருந்து கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் உறுமல் முன்கூட்டியே கேட்டுவிடும். ஏன்? ஒலி அலை நீளமானது. நொடிக்கு 100 முறை அதிரும் ஒலியின் ஒரு அலை மூன்று மீட்டருக்கும் மேல் நீளும். அப்படிப்பட்ட அலை பாறை விளிம்பைச் சுற்றி வளைந்து வரும். ஒளி அலையின் நீளமோ ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அது அப்படிக் கண்ணில் படும் அளவுக்கு வளையாது. மலைச்சாலையில் காதும் ஒரு கண். அதில் இயர்போன் மாட்டி அடைத்துவிடாதீர்கள்.

கொடுத்தது திரும்பி வருகிறது

மேலே போனால் பலா மரங்கள், மரங்களைச் சுற்றி ஏறிய மிளகுக் கொடிகள், வாழைத் தோட்டங்கள். செம்மேடு என்ற ஊரைத் தாண்டி அறப்பளீஸ்வரர் கோயில் வரை சாலை ஏறி இறங்கிப் போகும். அங்கே ஒரு தந்திரம் உதவும். ஓர் இறக்கத்தின் அடியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் இருந்தால், அந்த வேகமே எதிர் மேட்டில் சுமார் மூன்றரை மீட்டர் உயரம் வரை ஏற்றிவிடும். காற்றும் உராய்வும் அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். சின்ன மேடுகளுக்கு மிதிக்கவே வேண்டாம்!

மலையை விட்டு இறங்கும்போது, சேர்த்து வைத்த 490 கிலோ ஜூலும் திரும்பி வரும். காற்றும் பிரேக்கும் இல்லாவிட்டால் அடிவாரத்தில் உங்கள் வேகம் மணிக்கு 500 கிலோமீட்டரைத் தாண்டும்! அந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மீதியை பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. 490 கிலோ ஜூலும் வெப்பமானால், ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கவும் கூடும். அதனால் அழுத்தி விட்டு, மறுபடி அழுத்தி, இடையிடையே நின்று ஆறவிட்டு இறங்க வேண்டும்.

வளைவுக்குள் போன பிறகு பிரேக் பிடிக்கக் கூடாது, போகும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால், வளைவில் டயர் சறுக்காமல் இருக்க நான்கு மடங்கு பிடிப்பு தேவை. மணலோ ஈர இலையோ கிடந்தால் அந்தப் பிடிப்பு கிடைக்காது. பெரியவர்கள் துணையோடு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு மட்டுமே மலைச்சாலையில் ஓட்டுங்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளைச் செங்கோண முக்கோணமாக வெட்டி, அதன் சாய்வு விளிம்பில் வண்ணம் தீட்டுங்கள். உயரமான பக்கத்தைப் பென்சிலோடு ஒட்டிச் சுற்றுங்கள். வண்ணக்கோடு பென்சிலைச் சுற்றி ஏறும். நீளமான, தாழ்ந்த முக்கோணத்துக்குச் சுற்றுகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

2. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கர டயரில் சாக்பீஸால் ஒரு குறி போடுங்கள். பெடலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, குறி எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். பிறகு பற்களை எண்ணி வகுத்துச் சரிபாருங்கள். விரல் செயினுக்குள் போய்விடாமல் கவனம்!

3. உங்கள் வீட்டு மாடிக்கு ஒருமுறை ஏற எத்தனை ஜூல் வேலை செய்கிறீர்கள்? அதை நான்கால் பெருக்கினால் உடம்பின் செலவு கிடைக்கும். ஒரே ஒரு இட்லி சாப்பிட்டுவிட்டு எத்தனை முறை மாடி ஏறலாம்? விடை உங்கள் அம்மாவையே ஆச்சரியப்படுத்தும்.