இரு மொழிகளுக்கிடையே ஒரு துபாஷி

கணிப்பொறிக்குள்ளும் மொழிகள் பல உள. ஒன்றில் எழுதியதை மற்றொன்று அறியாது. புள்ளியியல் ஆய்வுக்கெனப் பிறந்த ‘ஆர்’ என்னும் மொழியை, உறவுசார் தரவுத்தளத்தோடு இணைப்பது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம். இணைப்பது எளிது, இணைந்த இரண்டும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் கொள்கின்றனவா என்று அறிவதே அரிது.

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட், 1970ஆம் ஆண்டில் உறவுசார் தரவு முறையை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை அட்டவணைகளாக அமைத்துவிட்டால், எது வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதும். தேடும் வழியைப் பொறியே வகுத்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். அவ்வழி வந்த வினவல் மொழியே எஸ்.க்யூ.எல். ஆர் மொழியோ நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மேன் ஆகிய இருவரும் 1990களில் ஆக்கியது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய ‘எஸ்’ என்னும் மொழி இதற்கு மூத்தது. இருவர் பெயரும் ஆர் என்ற எழுத்தில் தொடங்குவது பெயர் சூட்டலுக்கு வாய்ப்பாயிற்று.

ஆர் மொழி, தான் ஆளும் தரவுகளைப் பொதுவாகப் பொறியின் முதன்மை நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். தரவுத்தளமோ வட்டில் கோடிக்கணக்கான வரிகளை அடுக்கிவைக்கும். எனவே இரண்டுக்கும் இடையே ஒரு துபாஷி தேவைப்படுகின்றார். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட் எனத் தளம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கி நிரல் உண்டு. இணைப்பைத் திறத்தல், வினவலை அனுப்புதல், விடையைப் பெறுதல், இணைப்பை மூடுதல் ஆகிய பணிகளுக்கு ‘டி.பி.ஐ.’ என்னும் பொது இடைமுகம் ஒன்றே எல்லா இயக்கிகளுக்கும் போதும். தளம் மாறினால் இயக்கி மாறும்; இக்கட்டளைகள் மாறா.

இனி, வேலையை எங்கே செய்விப்பது? களஞ்சியத்தில் எத்தனை மூட்டை நெல் உள்ளது என்றறிய, அத்தனையையும் வீட்டுக்கு ஏற்றிவந்து எண்ணுவார் இலர், கணக்கரைக் கேட்பர். ‘டிபிபிளையர்’ என்னும் தொகுப்பு இவ்வழியே செல்கிறது. வடிகட்டுக, வகைப்படுத்துக, கூட்டுக என ஆர் மொழியில் நாம் எழுதும் கட்டளைகளை அது உடனே நிறைவேற்றுவதில்லை. விடையைக் காட்டுக அல்லது கொணர்க என்று சொல்லும் வரை காத்திருந்து, அனைத்தையும் ஒரே எஸ்.க்யூ.எல். வினவலாக்கித் தளத்துக்கு அனுப்புகிறது. மீண்டு வருவன சில வரிகளே. அது ஆக்கிய வினவலைப் படித்துப் பார்க்கவும் வழியுண்டு. மாணவர்கள் அதனைப் பழக்கமாக்கிக்கொள்ளுதல் நன்று.

ஏனெனில் மொழிபெயர்ப்பில் பொருள் திரிவதுண்டு. மூன்று மாணவருள் ஒருவர் 40, மற்றவர் 60 மதிப்பெண் பெற்றனர். மூன்றாமவர் மதிப்பெண் இன்னும் பதிவாகவில்லை எனக் கொள்வோம். சராசரி யாது என ஆர் மொழியைக் கேட்டால், “தெரியாது” என்னும் குறியையே தரும்; விடுபட்டதை நீக்கிக் கணக்கிடு என நாம் வெளிப்படையாகப் பணித்தால்தான் எண் வரும். தரவுத்தளமோ வெற்றிடத்தைத் தானே ஒதுக்கிவிட்டு, 50 என்று தயங்காமல் கூறும். ஒரே கேள்வி, இரு விடை. ஆர் மொழியின் தயக்கமே நேர்மையானது என்பது எம் கருத்து. இவ்வேறுபாட்டை டிபிபிளையர் ஓர் எச்சரிக்கையாக அறிவிக்கிறது; அதனைப் படியாமல் கடந்து செல்வோரே மிகுதி. இன்னும் ஒன்று: தேர்ச்சிக்கு 35 எனக் கொண்டு, 35க்குக் குறைந்தோர் யாவர், 35உம் அதற்கு மேலும் பெற்றோர் யாவர் என இரு வினாக்களைத் தளத்தில் தொடுத்தால், அம்மூன்றாமவர் இரு பட்டியலிலும் இரார். தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. ஆளே இல்லாதவர் போல் ஆகிவிடுவார். மதிப்பெண் பதிவாகாதோர் யாவர் என மூன்றாவதாகவும் ஒரு வினா கேட்டாலன்றி அவர் நம் கண்ணில் படார்.

நீண்ட அடையாள எண்களிலும் இடர் உண்டு. ஆர் மொழியின் முழு எண் 2,147,483,647 வரையே செல்லும். அதனினும் பெரியவற்றைத் தசம எண்ணாகக் கொண்டால் 9,007,199,254,740,992க்கு மேல் கடைசி இலக்கம் பிறழக்கூடும். இருவர் எண் ஒன்றாகிவிடலாம். அடையாள எண்ணைக் கூட்டிக் கழிப்பார் யாருமிலர் ஆதலின், அதனை எழுத்துத் தொடராகப் பெறுவதே பாதுகாப்பு.

இறுதியாக, பிறர் தட்டச்சிட்ட சொல்லை வினவலோடு ஒட்டி அனுப்புதல் பற்றி. ஓ'பிரையன் என்னும் ஐரிஷ் பெயரில் வரும் ஒற்றை மேற்கோள் குறியே எஸ்.க்யூ.எல். தொடரை இடையில் முடித்துவிடும். தீய எண்ணமுடையோர் அவ்விடத்தில் வேறு கட்டளையைச் செருகினால், அட்டவணையே அழியவும் கூடும். ஆகவே வினவலில் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு குறியை மட்டும் இட்டு, பெயரைத் தனியே அனுப்புவர். அப்போது தளம் அதனைக் கட்டளையாகக் கொள்ளாது, வெறும் பெயராகவே கொள்ளும்.