காணியை வாங்குபவர் அளக்க வரும்போது

இடம்பெயர்ந்து வாழும் எமது விவசாயக் குடும்பங்கள் சில இன்று ஊர்க் காணியை விற்கும் முடிவுக்கு வந்திருக்கின்றன. 1990 யூனில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறியவர்களின் பிள்ளைகள் வேறிடங்களில் மணமுடித்து, அங்கேயே தோட்டமும் செய்கின்றனர். காணி விடுவிக்கப்பட்ட பின்னரும் திரும்பிப்போய்க் குடியிருக்க எல்லோராலும் முடிவதில்லை. விற்பது சரியா பிழையா என்பது அந்தந்தக் குடும்பம் தீர்மானிக்க வேண்டிய விடயம். விற்பதென்று தீர்மானித்த பின், வாங்குபவர் நில அளவையாளரைக் கூட்டிக்கொண்டு வருகின்ற அந்த நாளைப் பற்றியே இங்கு பேச விரும்புகின்றோம். பலர் தமது விலையை இழப்பது அந்த நாளில்தான்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் காணி உறுதிப்படி 8 பரப்பு. பரப்புக்கு இவ்வளவு என்று விலை பேசி, முற்பணமும் வாங்கியாயிற்று. அளக்கும் நாளில் தாயாருக்கு முழங்கால் வருத்தம், மகனுக்கு வேலை. “சேவையர் அளக்கத்தானே போறார், நாங்கள் போய் என்ன செய்யிறது?” என்று இருந்துவிட்டார்கள். படம் வந்தபோது அதில் 7 பரப்பு 5 குழி என்றிருந்தது. 13 குழிக்குரிய பணத்தை வாங்குபவர் கழித்தார். பின்னர் போய்ப் பார்த்தால், முன்னரே ஊர் திரும்பிய அயலவர் போட்ட தகரவேலி பழைய எல்லையைவிட உள்ளே தள்ளி நின்றது. அயலவரிலும் முழுப் பிழை சொல்ல முடியாது. பற்றை வெட்டியபோது ஒரு கதியால்கூட மிஞ்சியிருக்கவில்லை. கண்ணுக்குப் பட்ட இடத்தில் வேலியைப் போட்டார்.

சேவையர் என்று நாம் அழைக்கும் நில அளவையாளர், 2002ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நில அளவைச் சட்டத்தின் கீழ்ப் பதிவும் உரிமமும் பெற்றவராக இருக்க வேண்டும். அவர் காணி யாருடையது என்று தீர்ப்புச் சொல்வதில்லை. நிலத்தில் காணப்படும் வேலி, மதில், கல் என்பவற்றையும், அங்கு நிற்பவர்கள் காட்டும் எல்லைகளையும் அளந்து, கிடைத்தால் பழைய படத்துடன் ஒப்பிட்டுப் புதிய படம் வரைகின்றார். காட்டுவதற்கு நீங்கள் அங்கு இல்லாவிட்டால், வேறு யாரோ காட்டுவார்கள். ஆகையால் குடும்பத்தில் ஒருவரும், பழைய வேலி ஓடிய இடத்தை அறிந்த ஒரு முதியவரும் கட்டாயம் நிற்க வேண்டும். நான்கு பக்கத்து அயலவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி அழைப்பது மிகவும் நன்று. கிராம உத்தியோகத்தரையும் கேட்டுப் பார்க்கலாம்.

உறுதியிலுள்ள அளவும் படத்திலுள்ள அளவும் ஒத்துவராதபோது உடனே ஏமாற்று என்று எண்ணிவிட வேண்டாம். எமது பழைய உறுதிகள் பல படமின்றி எழுதப்பட்டவை. கிழக்கே இன்னார், வடக்கே ஒழுங்கை என்று எல்லை சொல்லி, விஸ்தீரணத்தை மதிப்பாகப் போட்டார்கள். அந்த இன்னார் இறந்து, அவருடைய பேரப்பிள்ளைகள் இன்று கனடாவில் இருப்பார்கள். ஒழுங்கை வீதியாக அகன்று காணியில் ஒரு துண்டைத் தின்றிருக்கும். அளவுக் கணக்கிலும் கவனம் வேண்டும். 18 குழி ஒரு பரப்பு. ஒரு பரப்பு 10 பேர்ச். 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆனால் வயற்காணிக்கு நெல் விதைப்புக் கணக்கில் எழுதப்பட்ட பரப்பு இதிலும் சிறியது. 24 சேர்ந்தால்தான் ஓர் ஏக்கர். புதிய படங்களில் ஹெக்டேயர் வரும். ஒரு ஹெக்டேயர் ஏறக்குறைய முப்பத்தொன்பதரைப் பரப்பு. பரப்புக்கு விலை பேசுவதா, முழுக் காணிக்கும் அறுதியாகப் பேசுவதா என்பதை அளப்பதற்கு முன்னரே முடிவுசெய்து, எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். படம் வந்தபின் அதைப் பேசினால் சண்டைதான்.

கிணற்று விடயம் தனியே சொல்லப்பட வேண்டியது. யாழ்ப்பாணத்துத் தோட்டக் காணிகளில் கிணறு பெரும்பாலும் பங்குக் கிணறு. உறுதியில் கிணற்றுப் பங்கும், வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருக்கும். கிணறு அயலவரின் காணிக்குள் இருந்தால், சொல்லாவிட்டால் அளப்பவருக்குத் தெரியாது. முப்பது வருடம் இறைக்காத வாய்க்கால் மண்மூடிக் கிடக்கும். துலா நின்ற அடையாளமும் இராது. கிணற்றையும், அதற்குப் போகும் பாதையையும், வாய்க்கால் ஓடிய இடத்தையும் காட்டிப் படத்தில் குறிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் உரிமை இல்லாத தோட்டக் காணிக்கு யார் நல்ல விலை தருவார்கள்? மறுபுறம், உங்கள் கிணற்றில் வேறொருவருக்குப் பங்கு இருந்தால் அதை மறைக்கவும் வேண்டாம். வாங்கியவர் முதல் இறைப்பிலேயே அறிந்துகொள்வார்.

காணியில் வேறொருவர் குடியிருந்தால் அளவையாளர் அதையும் குறிப்பார். அதைப் படத்தில் கண்டவுடன் வாங்குபவர் பின்வாங்கக்கூடும். 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டப்படி பத்து வருடத் தடையற்ற எதிராட்சி உரிமையாக மாறலாம். போரினால் காணிக்குப் போகமுடியாதவர்களுக்காக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஆனால் அதன்கீழ் வழக்கிட இரண்டு வருட அவகாசமே தரப்பட்டது. ஆகவே இப்படியான காணியை அளக்க விடுமுன் ஒரு சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

சகோதரங்களுடன் சேர்ந்து பிரிபடாத பங்காக உள்ள காணியானால், தேசவழமைக்குட்பட்ட எமக்கு 1947ஆம் ஆண்டின் முன்வாங்கல் உரிமைச் சட்டமும் உண்டு. பங்காளருக்கு முதலில் அறிவித்தல் கொடுக்க வேண்டும். வன்னியில் அனுமதிப்பத்திரக் காணி வைத்திருப்போருக்கு இதெல்லாம் பொருந்தாது. பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அதனைக் கைமாற்ற முடியாது. எத்தனை படம் வரைந்தாலும் அது மாறாது.

வீட்டைப் பொறுத்தவரை, வாங்குபவர் ஒரு மேசனைக் கொண்டுவந்து சுவர் வெடிப்பையும் கூரை மரத்தையும் பார்ப்பார். வங்கிக் கடன் எடுப்பவரானால் மதிப்பீட்டாளரும் வருவார். செல் விழுந்த வீட்டை இருக்கிறபடியே காட்டுங்கள். சுண்ணாம்பு பூசி மறைத்த வெடிப்பு மேசனின் கண்ணுக்குத் தப்பாது.

அளப்பவரிடமோ வாங்குபவரிடமோ மூல உறுதியைக் கொடுக்காதீர்கள். போட்டோப் பிரதி போதும். உறுதி இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், நொத்தாரிசு அனுப்பிய இரண்டாம் பிரதியிலிருந்து காணிப் பதிவகத்தில் அத்தாட்சிப்படுத்திய பிரதி கேட்கலாம். உறுதி இலக்கம் நினைவில்லையென்றால் காணிப்பெயரையும் நொத்தாரிசின் பெயரையும் கொண்டு தேடுவிக்கலாம், நாட்கள் எடுக்கும். எல்லையை ஏற்றுக்கொள்வதாக எந்தத் தாளிலும் அன்றே ஒப்பமிட வேண்டியதில்லை. படத்தின் பிரதியை வாங்கி, வீட்டில் வைத்து, வாசிக்கத் தெரிந்த ஒருவருடன் பாருங்கள். அளவைக் கூலி பொதுவாக வாங்குபவரின் செலவு; அதை உங்கள் விலையில் கழிக்க முயன்றால் ஏன் என்று கேளுங்கள்.

மேலே சொன்ன குடும்பம் மறுபடி அளப்பித்தது. இம்முறை தாயார் ஓட்டோவில் வந்து, கதிரையில் இருந்துகொண்டே இடம் காட்டினார். தகரவேலிக்கு அப்பால் மண்ணைக் கிளறியபோது பழைய பூவரசுகளின் அடிக்கட்டைகள் ஒரே வரிசையில் தெரிந்தன. அயலவர் பார்த்துவிட்டு, “அக்கா, எனக்கு இது தெரியாது” என்றார். அவரும் நிற்கவே கல் நாட்டப்பட்டது. 10 குழி திரும்பிக் கிடைத்தது. மற்ற 3 குழியும் ஒழுங்கையோடு போய்விட்டது.