டெஸ்ட்டில் இல்லை, செல்லில் உண்டு: எச்.ஐ.வி. ஒளிந்திருக்கும் இடம் தெரியுமா?

பல வருஷமாக ஒரு வேளைகூடத் தவறாமல் மாத்திரை சாப்பிட்டாயிற்று. வைரல் லோடு டெஸ்ட்டில் வைரஸ் தென்படவே இல்லை. ஆனாலும் கோவையிலோ நாமக்கல்லிலோ எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போனால், "மாத்திரைய மட்டும் நிறுத்திப்போடாதீங்ணா" என்கிறார்களே, ஏன் தெரியுமா?

வைரஸ் உடம்புக்குள்ளேயே பதுங்கியிருக்கிறது. எந்த இடத்தில் என்று கேட்டால் அசந்துபோவீர்கள். பழைய நோய்க்கிருமிகளை உடம்பு மறக்காமலிருக்க உதவும் சிடி4 நினைவுச் செல்கள்! நீண்ட நாள் நிலைக்கவென்றே அமைந்தவை. உள்ளே நுழைந்த வைரஸ், சுமார் பத்தாயிரம் எழுத்துள்ள தன் மரபுக் குறிப்பை, 300 கோடி எழுத்துள்ள நம் டி.என்.ஏ.வுக்குள் கோத்துவிடுகிறது. செல் ஓய்வுக்குப் போனால் வைரஸும் அடங்கிவிடும். இப்போதைய மாத்திரையிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் வைரஸின் ஆர்.என்.ஏ., டி.என்.ஏ.வாக மாறவிடாது, டொலுடெகிராவிர் அதைக் கோக்கவிடாது. ஏற்கெனவே கோத்தாகிவிட்டதை மூன்றும் தொடாது!

ஓய்விலுள்ள சிடி4 செல்களில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்றில்தான் மறுபடி கிளம்பக்கூடிய வைரஸ் இருக்கிறது. அதுவே போதும். மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் ரத்தத்துக்குத் திரும்பிவிடும். அமெரிக்காவின் ராபர்ட் சிலிசியானோ குழு 2003இல் போட்ட கணக்கு தெரியுமா? மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிட்டாலும் இந்த இருப்பு பாதியாகக் குறையவே 44 மாதம், முழுக்கத் தீர 73 ஆண்டு! ஒரு காரணம், செல் இரண்டாகப் பிரியும்போது வைரஸின் குறிப்பும் சேர்ந்தே நகலாகிறது. புது வைரஸ் ஒன்றுகூடப் பிறக்காமலே இருப்பு நிலைக்கிறது என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய வியப்பு.

முழுசாகக் குணமானவர் உண்டா? உண்டு! பெர்லினில் டிமொத்தி ரே பிரவுனுக்கு 2007இல் ரத்தப் புற்றுநோய்க்காக ஸ்டெம் செல் மாற்றினார்கள். கொடையாளியின் செல்களில் எச்.ஐ.வி. பற்றிக்கொள்ளும் சிசிஆர்5 புரதம் இல்லை. 2020இல் அந்தப் புற்றுநோயால் இறக்கும்வரை எச்.ஐ.வி. திரும்பவில்லை. ஆனால் உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையை எல்லாருக்கும் செய்துவிட முடியாது.

1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி.யைக் கண்டறிந்தபோது இதற்கு மருந்தே கிடையாது. லாரித் தொழில் ஊரான நாமக்கல் பக்கம் அந்தக் காலத்தில் இந்த நோயால் இளம் வயதில் தாலி இழந்த பெண்களை நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. 2004 ஏப்ரல் 1 முதல் கூட்டு மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது. தவறாமல் சாப்பிட்டு, வைரஸ் தென்படாத நிலையிலேயே இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூட இது தொற்றாது, தெரியுமா? டெஸ்ட் எடுக்க அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்துக்குப் போனால் போதும். காசு வேண்டாம், விவரம் வெளியே போகாது.