முகவரிப் பங்கீடு

கடிதம் ஒன்று உரியவரைச் சென்றடைய வேண்டுமாயின், அதன்மேல் ஊர்ப்பெயரும் வீட்டு எண்ணும் இருத்தல் வேண்டும். அதனை அனுப்பும் அஞ்சல் நிலையத்தார் ஊரை மட்டுமே நோக்குவர். வீட்டைத் தேடுதல் அவ்வூர் அஞ்சற்காரரின் பொறுப்பாகும். இணையத்திற் செல்லும் செய்திகளும் இவ்வாறே செல்கின்றன.

இணைய முகவரி என்பது ஓர் எண். நான்காம் பதிப்பு எனப்படும் முறையில் அது 32 பிட்டுகளால் ஆயது. பிட் என்பது 0 அல்லது 1 ஆகிய ஓர் இலக்கம். எழுதுங்கால் அதனை எட்டெட்டாகப் பகுத்து, 192.0.2.25 என்றாற்போல நான்கு எண்களாக எழுதுவர். முகவரியின் முற்பகுதி வலையமைப்பைக் குறிக்கும். அஃது ஊர்ப்பெயர் போன்றது. பிற்பகுதி அவ்வலையமைப்பிலுள்ள கணிப்பொறியைக் குறிக்கும். அது வீட்டு எண் போன்றது.

இவ்விரு பகுதிகளுக்கும் எல்லை யாது? 1981-ஆம் ஆண்டில் வெளியான விதி, வலையமைப்புகளை மூன்று வகுப்புகளாகப் பிரித்து, எல்லையை நிலையாக நிறுத்தியது. ஏ வகுப்பில் 8 பிட்டுகளும், பி வகுப்பில் 16 பிட்டுகளும், சி வகுப்பில் 24 பிட்டுகளும் முற்பகுதியாயின. ஆதலின், ஏ வகுப்பு வலையமைப்பு ஒன்றில் 1,67,77,214 கணிப்பொறிகளும், பி வகுப்பில் 65,534-ம், சி வகுப்பில் 254-ம் இடம்பெறலாம். முகவரியின் தொடக்கத்தைக் கண்டவுடனே அதன் வகுப்பு விளங்கிவிடும். இது அம்முறையின் எளிமை.

ஆயினும், எளிமையே குறையாகவும் முடிந்தது. 2,000 கணிப்பொறிகளை உடைய ஒரு நிறுவனத்தை எண்ணிப் பார்ப்போம். அதற்குச் சி வகுப்பு போதாது. பி வகுப்பை அளித்தாலோ 63,534 முகவரிகள் பயனின்றிக் கிடக்கும். பி வகுப்பில் உள்ளனவோ 16,384 வலையமைப்புகளே. எட்டுச் சி வகுப்புகளை அளிக்கலாம் எனின், வேறோர் இடர் தோன்றும். செய்திகளுக்கு வழிகாட்டும் ரவுட்டர் என்னும் கருவி, அவ்வொரு நிறுவனத்திற்காக எட்டு வழிக்குறிப்புகளைத் தன் பட்டியலிற் சுமக்க நேரும். இணையம் விரைந்து வளர்ந்த 1990-களின் தொடக்கத்தில் பி வகுப்பு அருகியது, பட்டியலும் பெருகியது.

இவ்விரு இடர்களையும் நீக்க 1993-ஆம் ஆண்டில் வகுப்பிலா முறை வகுக்கப்பட்டது. இம்முறையில் எல்லை எவ்விடத்தும் அமையலாம். முற்பகுதியின் பிட் எண்ணிக்கையைச் சாய்கோட்டிற்குப் பின் எழுதுவர். மேற்கூறிய நிறுவனத்திற்கு /21 என்னும் அளவு பொருந்தும். எஞ்சிய 11 பிட்டுகளால் 2,048 முகவரிகள் அமையும். முதலும் இறுதியும் தனிப் பணிக்கு ஒதுக்கப்படுதலின், 2,046 கணிப்பொறிகளுக்கு இடம் உண்டு. மிஞ்சுவன 46 மட்டுமே! ரவுட்டரின் பட்டியலிலும் ஒரே குறிப்புப் போதும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. முகவரியைக் கண்ட அளவில் எல்லை விளங்காது. அதனை உடன் குறித்தல் வேண்டும். ஒரு முகவரிக்குப் பல குறிப்புகள் பொருந்துமாயின், அவற்றுள் மிக நீண்ட முற்பகுதியை உடையதையே ரவுட்டர் தேர்ந்துகொள்ளும்.

வகுப்பிலா முறை புதிய முகவரி ஒன்றையும் படைக்கவில்லை. இருந்தவற்றை அளவறிந்து பகுத்தது. 32 பிட்டுகளால் அமைவன ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே. அவற்றின் உலகப் பொதுக் களஞ்சியம் 2011-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீர்ந்தது. 128 பிட்டுகளை உடைய ஆறாம் பதிப்பு முகவரிகளை மிகப் பெருக்கியுள்ளது. எனினும், அதுவும் வகுப்பிலா முறையையே பின்பற்றுகின்றது. செல்வம் பெருகிய காலத்தும் அளவறிந்து வழங்குதலே அறிவுடைமை அன்றோ?