வைரஸ் மருந்தை ஏன் மாலையில் தெளிக்கிறார்கள்?

கொண்டைக்கடலையில் பச்சைக் காய்ப்புழுவைக் கொல்ல என்.பி.வி. என்ற வைரஸைத் தெளிப்பதுண்டு. வைரஸ் ஒரு புரதக் கூட்டுக்குள் பத்திரமாக இருக்கும். இலையோடு சேர்த்து அதைப் புழு தின்றதும், குடலின் காரத்தன்மையில் கூடு கரைய, வைரஸ் வெளிப்பட்டு உடலெங்கும் பரவும். நோயுற்ற புழு செடியின் உச்சிக்கு ஏறி, தலைகீழாகத் தொங்கிச் சாகும். தோல் கிழிந்து வடியும் கூழில் கோடிக்கணக்கான புதிய வைரஸ் கூடுகள்! கீழ் இலைகளில் அவை சொட்ட, அடுத்த புழுவுக்கு விருந்து தயார்.

குறை இரண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் வைரஸை விரைவில் செயலிழக்க வைக்கும். அதனால்தான் மாலைத் தெளிப்பு. புழு விரும்பித் தின்ன வெல்லமும் கலப்பார்கள். துணி வெளுக்கச் சேர்க்கும் ஒளிர்பொருள்கள் சில, கதிரைத் தடுப்பதோடு குடலின் உட்சவ்வையும் பலவீனமாக்கி வைரஸுக்கு வழிவிடுகின்றன. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அடுத்த குறை, புழு சாகச் சில நாட்கள் ஆவது. இதற்காக 1990களில் இதே இன வைரஸ் ஒன்றில் தேள் நஞ்சின் மரபணுவைச் சேர்த்தார்கள். புழு சீக்கிரமே முடங்கியது. ஆனால் வளருமுன்பே செடியிலிருந்து விழுந்துவிட்டதால், இலையில் மிஞ்சிய வைரஸும் குறைந்துபோனது. என்னைக் கேட்டால், வெல்லக் கரைசலே மேல்.